சம்பளம் குறைந்த பிறகு தசமபாகத்தை எப்படித் தொடர்வது?

தென்காசிக்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து நான் தசமபாகம், அதாவது சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தேவனுக்குக் கொடுப்பது, தவறியதில்லை. சம்பளம் 38,000 இருந்தபோது 2,800 சபைக் கவரில் போடுவேன், 1,000 ஒரு விடுதிப் பிள்ளையின் படிப்புக்குப் போகும். போன வருஷம் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலை இல்லாத இரண்டு மாதமும் பழைய கணக்கிலேயே கைமாற்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது வேறு வேலை, 24,000. வீட்டுக் கடன் தவணை 9,000, அப்பாவின் மருந்து 4,500 போக மீதியில்தான் நான்கு பேர் சாப்பாடும் மகளின் பள்ளிக்கூடமும். ஐந்து மாதமாக ஒன்றும் கொடுக்கவில்லை. காணிக்கைப் பை வரும்போது பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே என்று வெறுங்கையை மூடி உள்ளே விட்டு எடுக்கிறேன். தசமபாகம் கொடுக்காதவர்களைக் கண்டிக்கும் வேதப்பகுதியான மல்கியா 3-ஐ வாசித்தால் நான் தேவனை வஞ்சிக்கிறவன் என்றே தோன்றுகிறது. அப்பாவுக்குச் செய்வதைத் தசமபாகத்தில் சேர்க்கலாமா? விடுதிப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

நாசரேத் அக்கா:
தம்பி, அந்த மூடிய கையைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் அப்பா இறந்தபோது வீட்டில் வருமானமே கிடையாது, ஆனாலும் அம்மா பிடி அரிசியை நிறுத்தவில்லை. உலை வைக்கும்போது அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையில் இருந்த சின்னப் பானையில் போடுவாள். களைந்த பிறகு எடுத்தால் ஈர அரிசி புழுத்துவிடும், அதனால் முதலில்தான் எடுத்தாக வேண்டும், சமைத்து மிஞ்சியதைப் போட வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டி ஆலயத்துக்குக் கொண்டுபோவோம். அரைப்படி அரிசி சமைக்கிற நாளில் அம்மாவின் பிடியும் சின்னதாகிவிடும், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிசோரம் சபைகளில் இதையே 1910 முதல் செய்கிறார்கள், 'புஃபாய் தாம்' என்பார்கள், எத்தனையோ மிஷனரி ஊழியர்களை அந்த அரிசி விற்ற பணம்தான் அனுப்பியிருக்கிறது. நீங்கள் சம்பளம் வந்த அன்றே ஒரு சின்னப் பிடி எடுத்து வையுங்கள். 300 ஆனாலும் சரி, ஆனால் முதலில் எடுங்கள்.

விசுவாச வீரன்:
அக்கா சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பத்தில் ஒன்று என்றால் பத்தில் ஒன்றுதான். வேதத்தில் பஞ்சகாலத்துச் சாறிபாத் ஊர் விதவை கடைசி மாவில் முதல் அடையை எலியா தீர்க்கதரிசிக்குத்தானே சுட்டாள்? நானும் கஷ்டகாலத்தில் குறைக்காமல் கொடுத்தேன், ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை. பிரதர், பயப்படாமல் 2,400 எடுத்து வையுங்கள்.

முன்னாள் பொருளாளர்:
உங்கள் சாட்சியை மதிக்கிறேன், ஆனால் அந்த விதவை தன் பானையில் இருந்த மாவில்தான் அடை சுட்டாள், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிச் சுடவில்லை. கொடுப்பது அவனவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும், இல்லாததின்படி அல்ல என்றுதான் 2 கொரிந்தியர் 8-ல் பவுல் எழுதுகிறார். தென்காசி பிரதர், கைமாற்று வாங்கிக் காணிக்கை போடுவதை இதோடு விட்டுவிடுங்கள், முதலில் அந்தக் கடனை அடையுங்கள்.

அப்பா மருந்து விஷயம்: அதைத் தசமபாகக் கணக்கில் எழுத வேண்டாம், அது பிள்ளையின் கடமை. ஆனால் காணிக்கைக்காக மருந்தை நிறுத்தவும் கூடாது. 'கொர்பான்', அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை மாற்கு 7-ல் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று பாருங்கள். விடுதிக்கு இன்றைக்கே போன் போடுங்கள். நான் 11 வருஷம் கவர் பிரித்து எண்ணியவன், சொல்கிறேன்: தொகை குறைந்தால் சமாளித்துவிடலாம், சொல்லாமல் நின்றால்தான் வருஷ நடுவில் பள்ளிக் கட்டணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அப்புறம் ஒன்று, 50 ரூபாய்க் கவரைப் பார்த்து நாங்கள் யாரும் முகம் சுளித்ததில்லை. பெயரைப் பதிவேட்டில் எழுதும்போது அந்த வீட்டுக்காக ஒரு நிமிஷம் ஜெபிப்போம்.

தென்காசிக்காரன்:
பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விடுதிக்குப் போன் செய்தேன். வார்டன் அம்மா கோபிக்கவில்லை, "ஐந்து மாதமாகச் சத்தமே இல்லையே, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. 1ஆம் தேதி சம்பளம் வந்ததும், 5ஆம் தேதி தவணை பிடிப்பதற்கு முன், 700 எடுத்துவிட்டேன், 400 கவருக்கு, 300 விடுதிக்கு. கைமாற்று 7,600 நிற்கிறது, மாதம் 500 அடைப்பதாக நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். 2,400 என் மனதில் இருக்கிறது பிரதர், கடன் தீர்ந்ததும் கூட்டுவேன்.

அக்கா, உங்கள் பக்கம் இப்போதும் பிடி அரிசி வாங்குகிறார்களா? எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. என் மனைவி நேற்றே ஒரு டப்பாவைக் கழுவிக் காயவைத்துவிட்டாள், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்கிறாள்.