‘காமன் சார்ஜர்’: மின்னேற்றிக்கா பெயர், மின்னேற்ற வாய்க்கா?

அன்பின் குழுவினருக்கு,

வணக்கம். கைப்பேசி போன்ற கருவிகளில் ஒரே வகை மின்னேற்றத் திறப்பைக் கட்டாயமாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘காமன் சார்ஜர்’ சட்டத்துக்குத் தமிழ்ப் பெயராக இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: பொது மின்னேற்றி, பொது மின்னூட்டி, பொது மின்னேற்றத் துறை, மின்னேற்றுவாய். நான்காவதை முன்வைத்த அம்மையாரின் பக்கம் நிற்கிறேன், ஒரு சிறு திருத்தத்தோடு. முதல் இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மின்னூட்டி பற்றிச் சுருக்கமாக: தமிழகப் பாடநூல்களில் மின்னூட்டம் என்பது ஒரு பொருள் தாங்கியிருக்கும் மின்னின் அளவு. மின்கலத்தை நிரப்பும் வேலைக்கு மின்னேற்றம் நன்றாக வேரூன்றிவிட்டது. அதை அசைக்க வேண்டாம்.

‘பொது மின்னேற்றி’யை மறுக்கும் காரணம் வேறு. அந்தச் சட்டம் முதன்மையாக மின்னேற்றியைப் பற்றியது அல்ல. 2022/2380 என்ற எண் கொண்ட நெறியாணையை (டைரக்டிவ்) பாருங்கள். 2022 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரித்து, 13 பேர் எதிர்த்து நிறைவேறியது. கைப்பேசி, டேப்லெட், கேமரா, ஹெட்போன், மின்னூல் படிப்பான், விசைப்பலகை, சுட்டி என்று நீளும் பட்டியலுக்கு 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறை. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28. இவற்றில் கம்பி வழியாக மின்னேற்றக்கூடிய ஒவ்வொரு கருவியும் யூஎஸ்பி சி வகைத் திறப்பைத் தன் உடம்பிலேயே கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் ஆணை. கட்டளை கருவிக்கு. சுவரில் செருகும் பெட்டியான மின்னேற்றியைப் பொறுத்தவரை, அது இல்லாமலேயே கருவியை வாங்கும் வாய்ப்பை வாங்குபவருக்குத் தர வேண்டும் என்கிறது. பெட்டி உள்ளே இருக்கிறதா இல்லையா என்று அட்டையில் படக்குறி போடச் சொல்கிறது. தேவையற்ற மின்னேற்றிகள் வீட்டில் குவிவதைக் குறைக்க வந்த சட்டத்துக்கு மின்னேற்றியின் பெயரையே சூட்டினால், படிப்பவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்.

‘காமன் சார்ஜர் என்றுதானே அவர்களே சொல்கிறார்கள், நாம் ஏன் மாற்ற வேண்டும்?’ என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்தப் பெயர் பழைய காலத்தின் எச்சம். 2009இல் கைப்பேசி நிறுவனங்கள் தாமாகவே ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மைக்ரோ யூஎஸ்பி பொதுவாகும் என்றார்கள். ஆனால் அந்த உடன்பாடு மாற்றிணைப்பியை (அடாப்டர்) அனுமதித்தது. ஆப்பிள் தன் திறப்பைத் தன் போக்கில் வைத்துக்கொண்டு, இடையில் மாட்ட ஒரு சிறு துண்டைத் தனியாக விற்றது. அப்போது பொதுவாக்க முனைந்தது மின்னேற்றியைத்தான். கருவியின் திறப்பு அவரவர் விருப்பம். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 2022இன் சட்டம். ஆக, 2009க்கு ‘பொது மின்னேற்றி’ பொருந்தலாம், 2022க்குப் பொருந்தாது. ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்தால், நடுவில் சட்டம் எங்கே கை வைத்தது என்பதே மறைந்துபோகும்.

ஐபோனை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2012இல் வந்த, ஆப்பிளுக்கே உரிய லைட்னிங் திறப்பு, 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வந்தபோது யூஎஸ்பி சி-க்கு இடம் கொடுத்தது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆப்பிள் விற்ற சுவர்ப் பெட்டியில் யூஎஸ்பி சி வந்துவிட்டது. கம்பியின் ஒரு நுனி சி, மறு நுனி லைட்னிங். 2023இல் மின்னேற்றி மாறவில்லை, கருவியின் திறப்பு மாறியது. ‘ஐபோனுக்கும் பொது மின்னேற்றி வந்தது’ என்று எழுதினால் அது பிழையான செய்தி.

சரி, அந்தத் திறப்புக்கு என்ன பெயர்? கணினித் தமிழில் ‘போர்ட்’டுக்குத் துறை என்ற வழக்கு உண்டு. கப்பல் வந்து நிற்கும் துறையோடு அழகாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘மின்னேற்றத் துறை’ என்று செய்தித்தாளில் படிப்பவருக்கு மின்சாரத் துறை, பதிவுத் துறை வரிசையில் இன்னோர் அரசு அலுவலகம்தான் மனத்தில் எழும். முனையம் என்று வைத்தாலோ விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். பழுதுநீக்கும் கடைகளில் ‘சார்ஜர் பின் போய்விட்டது’ என்பார்கள். கம்பியின் நுனி போயிற்றா, கைப்பேசியின் திறப்பு போயிற்றா என்று மறுபடியும் கேட்டால்தான் தெரியும். நமக்கு வேண்டியது இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல்லிணை.

கம்பியின் நுனிக்குச் செருகி, கருவியின் திறப்புக்கு வாய் என்ற இணை அதைச் செய்கிறது. யூஎஸ்பி சி திறப்பு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனைகள் வளைந்த நீள விளிம்பு. உள்ளே நட்டநடுவில் பக்கங்களைத் தொடாமல் மெல்லிய தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், வாய்க்குள் நாக்கைப் போல. அதன் மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகள். எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்துவதற்கு இந்தச் சமச்சீர்தான் காரணம். அழுத்திப் பிடிக்கும் விசைத்தகடுகள் செருகியின் பக்கம் இருக்கின்றன. தேய்வது பெரும்பாலும் மலிவான கம்பியாக இருக்கட்டும், விலைமிக்க கருவியாக வேண்டாம் என்ற எண்ணத்தில் அமைத்தது. லைட்னிங்கில் நேர்மாறு: நாக்கு கம்பியில், விசைத்தகடுகள் கைப்பேசிக்குள். வாய், நாக்கு, செருகி என்று மூன்று சொற்கள் கையில் இருந்தால், இந்த வேறுபாட்டைப் பள்ளி மாணவருக்கும் தமிழிலேயே விளக்கிவிடலாம்.

இனி என் திருத்தம். ‘மின்னேற்றுவாய்’ என்று சேர்த்து எழுதினால் ‘நீ மின்னேற்றுவாய்’ என்ற முன்னிலை வினைமுற்றாகக் கண்ணில் படுகிறது. ‘செருகுவாய்’க்கும் இதே தொல்லை. மின்வாய் என்று சுருக்கவும் வழியில்லை, அது மின்வேதியியலில் ‘எலக்ட்ரோடு’க்கு ஏற்கெனவே புழங்கும் சொல். மின்னேற்றம் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்கி ‘மின்னேற்ற வாய்’ என்று பிரித்து எழுதினால் வினைமுற்று மயக்கம் தீர்கிறது. ஒரு கட்டுரையில் முதல் முறை இப்படி எழுதிவிட்டால், பிறகு ‘வாய்’ என்றாலே போதும்.

அடுத்தது ‘பொது’. பொது சிவில் சட்டம் என்று சொல்கிறோமே என்ற வாதத்தை ஏற்கிறேன்; சட்டத்தோடு வரும்போது ‘எல்லோருக்கும் ஒன்றே’ என்ற பொருள் கிடைக்கிறது. கையால் தொடும் பொருளோடு வரும்போது அப்படி இல்லை. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, பொதுத் தொலைபேசி எல்லாம் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பவை. மின்வண்டிகளுக்கான பொது மின்னேற்ற நிலையங்களும் வந்துவிட்ட பிறகு, ‘பொது மின்னேற்ற வாய்’ தெருவோரத்துக்குத்தான் இழுத்துச் செல்லும். சீருடை, சீர்தரம் (ஸ்டாண்டர்ட்) ஆகியவற்றின் வழியில் ‘சீர் மின்னேற்ற வாய்’ என்பது என் பரிந்துரை. எல்லாக் கருவியிலும் ஒரே அமைப்பு என்ற கருத்து அதில் நேராக வந்துவிடுகிறது. தலைப்பில் எளிமை வேண்டும் என்பவர்கள் ‘ஒரே வகை மின்னேற்ற வாய்’ என்று எழுதட்டும், அதுவும் சரிதான்.

யூஎஸ்பி சி என்பதை மொழிபெயர்க்கத் தேவையில்லை, அது பெயர். 15 வாட்டுக்கு மேல் மின்னேற்றும் கருவிகளுக்குச் சட்டம் கூடுதலாகக் கேட்கும் ‘பவர் டெலிவரி’ நெறிமுறைக்குத் தனி இழை தொடங்கலாம். மின்னேற்றியும் கருவியும் எத்தனை வோல்ட் என்று தமக்குள் பேசி முடிவு செய்யும் ஏற்பாடு அது, அவசரமாகப் பெயர் வைத்துவிடக் கூடாது.

சொற்பட்டியலில் ஏற்ற என் முன்மொழிவு: சார்ஜர் – மின்னேற்றி, சார்ஜிங் போர்ட் – மின்னேற்ற வாய், பிளக் – செருகி, அடாப்டர் – மாற்றிணைப்பி, 2022 சட்டம் – சீர் மின்னேற்ற வாய்ச் சட்டம். ‘சீர்’ பற்றி இலங்கை நண்பர்களின் கருத்து அறிந்த பிறகு பதியலாம்.

அன்புடன்