புதிய தளம் வந்ததும் புகார் குவிகிறது: எதைத் திருத்துவது, என்ன பதில் எழுதுவது?

உட்லண்ட்ஸ் தொண்டூழியர்
வணக்கம். எங்கள் தமிழ் அமைப்பின் இணையத்தளத்தைப் போன வாரம் முழுக்க மாற்றினோம். பேச்சுப் போட்டிப் பதிவுப் படிவத்தைக் காணோம் என்கிறார்கள் பெற்றோர். வாட்ஸ்அப்பில் முன்பு பகிர்ந்த இணைப்பைத் தட்டினால் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை, வருகிறது. எழுத்து மங்கல் என்கிறார்கள் மூத்தோர். ‘பழையதே நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதுபவர்களும் நிறைய. செயற்குழுவில் சிலர் பழைய தளத்தையே திரும்பப் போடச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

வலைப்பணி
வந்த வேலையை முடிக்க முடியாதவர்கள், முடித்தும் பிடிக்காதவர்கள் என்று புகார்களை முதலில் பிரியுங்கள். முதல் வகையை ஒரே ஒருவர் சொன்னாலும் அன்றே பார்க்க வேண்டும்.

சர்வர் லாகில், அதாவது தளத்துக்கு வரும் கோரிக்கைகளின் பதிவேட்டில், 404 ஆன முகவரிகளை, அதிகம் கேட்கப்பட்டது மேலே வரும்படி எடுங்கள். ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்குத் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிடாதீர்கள். வந்தவருக்குத் தேடியது கிடைக்காது. கூகலும் அதைப் பெரும்பாலும் இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். முதலில் 302 (தற்காலிகத் திருப்பம்) போட்டுச் சோதித்து, சரியென்றால் 301 (நிரந்தரத் திருப்பம்) ஆக்குங்கள். 301-ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்வதால், தவறாகத் திருப்பிவிட்டால் நீங்கள் திருத்திய பிறகும் சிலர் தவறான பக்கத்துக்கே போவார்கள்.

படிவம் மூன்று கோட்டு மெனுவுக்குள் போயிருக்கும். பதிவு முடியும் நாள்வரை அது முகப்பில், ‘பேச்சுப் போட்டிக்குப் பதிவு செய்க’ என்று முழுப் பெயரோடு நிற்கட்டும்.

ஒற்றெழுத்து
மங்கலுக்குப் பெரும்பாலும் நிறமே காரணம். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற குறியீட்டுச் சாம்பல் நிறத்தின் ஒளி வேறுபாடு 2.85:1தான். எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் ஏஏ நிலை சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1. #767676 அதை மயிரிழையில் தாண்டும். மூத்தோர் படிக்கும் தளம் என்றால் #595959 போடுங்கள், 7:1 கிடைக்கும்.

ஆங்கில மாதிரி வாசகத்தை வைத்து வடிவமைத்த தளங்களில் தமிழ் அடிவாங்கும். வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு என்றால் மேல்வரி உகரக் குறிகள் கீழ்வரியின் புள்ளிகளை நெருக்கும், 1.6 வேண்டும். லெட்டர்-ஸ்பேசிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையே கூட்டும் இடைவெளியை, பூஜ்யமாக்குங்கள். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள், தமிழ்ச் சொல் வெளியே வழியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ரெகுலர் (சாதாரணத் தடிமன்) மட்டும் ஏற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். தடித்த எழுத்துக்கோப்பு இல்லாவிட்டால் உலாவி தானே தடிமனாக்கும், தலைப்புகள் மை அப்பியதுபோல் தெரியும்.

சிராங்கூன் வாசகர்
பதிலில் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நேரம் ஒதுக்கிக் குறை சொன்னவரை அது அவமதிக்கிறது. இப்படி எழுதலாம்: ‘படிவ இணைப்பு உடைந்திருந்தது உண்மை. இன்று மாலை சரிசெய்துவிட்டோம், நேரடி இணைப்பு இதோ. எழுத்து நிறம் வெள்ளிக்கிழமைக்குள் மாறும். பக்க அமைப்பை இப்போது மாற்றவில்லை, காரணம் இது.’ செய்யப்போவதில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

எந்தக் கைத்தொலைபேசி, எந்த உலாவி, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் அடையாள அட்டை எண்ணை மறைக்கச் சொல்லுங்கள். படிவமே அந்த எண்ணைக் கேட்கிறதா? சட்டத் தேவையோ, ஆளைத் துல்லியமாக உறுதிசெய்யும் அவசியமோ இல்லாமல் அமைப்புகள் அதைச் சேகரிக்கக்கூடாது என்ற வழிகாட்டி சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பேச்சுப் போட்டிக்கு அது தேவையே இல்லை.

உட்லண்ட்ஸ் தொண்டூழியர்
நன்றி. செயற்குழுவுக்கு என்ன சொல்வது? பழையதைத் திரும்பப் போடலாமா?

வலைப்பணி
பதிவோ கட்டணமோ அடியோடு நின்றுபோய், ஒரு நாளில் சரிசெய்ய முடியாவிட்டால் மட்டும் போடுங்கள். இந்த வாரம் வந்த பதிவுகள் புதிய தரவுத்தளத்தில் இருக்கின்றன. திரும்புவதற்கு முன் அவற்றை ஏற்றுமதி செய்து பழையதில் சேர்க்காவிட்டால் பிள்ளைகளின் பெயர் விட்டுப்போகும். இந்த வாரம் பகிர்ந்த புதிய இணைப்புகளும் 404 ஆகும், அவற்றையும் பழைய பக்கங்களுக்குத் திருப்ப வேண்டிவரும்.