மின்னஞ்சல் குவியலைக் கட்டளை வரியில் தேடியவர்களே, உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

முடிச்சூர்:

கட்டளை தட்டி அஞ்சலைத் தேடும் நாட்மச், மியூ, மெயிரிக்ஸ் நிரல்களில் ஏதாவது ஒன்றை வைத்துப் பழைய அஞ்சலைத் துழாவுகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டுகள் ஆகியும் உறுத்தல் போகவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் மூழ்கியது. காரும் போனது. காப்பீட்டு ஆய்வாளர் ஒரே கேள்வியில் நின்றார்: தண்ணீர் டேஷ்போர்டுக்கு மேல் ஏறியதா, இல்லையா? அந்த வாரமே எழுதப்பட்டது ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றார். சங்கச் செயலாளர் எல்லோருக்கும் ஓர் அஞ்சல் போட்டதாக மங்கலான நினைவு. அஞ்சல்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கும் மெயில்டிர் அடைவில், கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் நிரலை 'தண்ணீர்' என்று ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. 'வெள்ளம்' என்று ஓட்டினேன். அதற்கும் ஒன்றும் இல்லை. "எனக்கு அப்படி எதுவும் வரவில்லை சார்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் நீட்டிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

2018இல் நாட்மச் நிறுவினேன். அஞ்சல்களை அட்டவணைப்படுத்தும் 'நாட்மச் நியூ' கட்டளை ஓடி முடிந்ததும், சோதனைக்காக அதே 'தண்ணீர்' என்ற சொல்லைக் கொடுத்து, தேதி வரம்பையும் அந்த டிசம்பருக்குக் குறுக்கினேன். முதல் வரியிலேயே செயலாளரின் அஞ்சல். "வாகன நிறுத்துமிடத்தில் ஐந்து அடிக்கு மேல் தண்ணீர் நின்றது, தூணில் கறை தெரிகிறது, படம் இணைத்திருக்கிறேன்."

கோப்பைத் திறந்து பார்த்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. உடல் முழுவதும் பேஸ்64, அதாவது பைட்டுகளை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி எழுதும் முறை. 4கே6, 4கே6, 4கே+ என்று ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, முதல் இரண்டும் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அந்தச் சாயல்தான் அது. என் கண்ணெதிரே கிடந்த அஞ்சல். கிரெப் வெறுங்கையோடு திரும்பியதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு மனிதரிடம் உறுதியாகச் சொன்னேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மயிலாப்பூர்:

உங்களுக்காவது யூனிகோடு. எங்கள் அப்பாவுடைய 2000 முதல் 2003 வரையிலான அஞ்சல்கள் எல்லாம் திஸ்கி, யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியாக்கம். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டச்சு செய்து சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு அனுப்புவார். அவர் காலமான பிறகு பழைய வட்டிலிருந்து எடுத்து அட்டவணையில் சேர்த்தேன். தலைப்பகுதியில் 'ஐஎஸ்ஓ-8859-1' என்று லத்தீன் எழுத்துக் குறியாக்கத்தின் பெயர் இருந்ததால் நாட்மச் அதை அப்படியே நம்பி, புள்ளியும் கொக்கியும் போட்ட லத்தீன் எழுத்துகளாகவே அட்டவணைப்படுத்திவிட்டது. எதைத் தேடினாலும் அப்பா வரமாட்டார்.

லினக்ஸில் உள்ள, குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் நிரலுக்குத் திஸ்கி தெரியும் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும் குறியாக்கம் அது. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஐகான்வ் அதையெல்லாம் ஒழுங்காக யூனிகோடு வரிசைக்கு மாற்றிவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முதல் கோப்பை மாற்றித் திரையில் ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் வரி வரியாகத் தமிழ் இறங்கியது. அம்மா காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது பத்தியில் நிறுத்தி, "பாத்திரக்கடைக்காரருக்கு இருநூறு ரூபாய் பாக்கி என்று எழுதியிருக்கிறாரே, அதைக் கொடுத்தாரா என்று அடுத்த கடிதத்தில் பார்" என்றார். அன்று இரவு பதினொரு மணி வரை பார்த்தோம்.

பன்னிரண்டு அஞ்சல்கள் மட்டும் எப்படி மாற்றினாலும் குப்பையாகவே வருகின்றன. திஸ்கி இல்லையோ என்னவோ. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பெரம்பூர்:

முடிச்சூர் நண்பரே, உங்கள் இழப்பு புரிகிறது. ஆனால் கிரெப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. அது 1970களில் பிறந்த கருவி. பைட்டுகளைத் தேடும், அவ்வளவுதான். அஞ்சலைப் பேஸ்64இல் மூட்டை கட்டும் மைம் தரமே 1992இல்தான் வந்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும் கருவி வேண்டுமென்றால் அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். மெயிரிக்ஸ் அப்போதே இருந்தது.

என் அனுபவம் சிறியது. வட்டு செத்தது. அஞ்சல்கள் சர்வரில் பத்திரமாக இருந்தன, மீண்டும் இறக்கினேன். 'நாட்மச் நியூ' முடிந்து பார்த்தால் 1,10,000 அஞ்சலுக்கும் ஒரே குறிச்சொல்: இன்பாக்ஸ். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொன்றாக நான் போட்ட 'வரி', 'மருத்துவம்', 'வாடகை' எதுவும் இல்லை. நாட்மச் குறிச்சொற்களை அஞ்சல் கோப்பில் எழுதுவதில்லை, தன் ஸேப்பியன் தரவுத்தளத்தில்தான் வைக்கிறது. அது வட்டோடு போய்விட்டது.

ஆகவே இதைப் படிக்கிற எல்லோரும் தயவுசெய்து இன்றைக்கே 'நாட்மச் டம்ப்' ஓட்டுங்கள். வெறும் உரைக் கோப்புதான் வரும். ஒரு வரிக்கு ஓர் அஞ்சல், அதன் குறிச்சொற்கள். சுருக்கினால் மிகச் சிறிதாகிவிடும். குறித்த நேரத்தில் நிரலைத் தானாக இயக்கும் கிரானில் தினமும் ஓடவிட்டு வேறொரு வட்டில் வையுங்கள். அடுத்தது, சர்வரோடு அஞ்சலை ஒத்திசைக்கும் எம்பிசிங்க் நிரலை வைத்திருப்பவர்கள் சர்வரிலிருந்து இழுப்பதை மட்டும் இயக்குங்கள். இருபுறமும் ஒத்திசைக்க விட்டால், இங்கே தவறாக அழித்தது அங்கேயும் அழியக்கூடும். மூன்றாவது, கூகுள் கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் டேக்அவுட் சேவையில் அஞ்சலுக்குக் கிடைப்பது ஒரே பெரிய எம்பாக்ஸ் கோப்பு. நாட்மச் அதைப் படிக்காது. அஞ்சலுக்கு ஒரு கோப்பு என்று மெயில்டிர் வடிவத்துக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும்; பைதான் நிரல்மொழியில் அதற்கென்றே 'மெயில்பாக்ஸ்' தொகுதி இருக்கிறது, பத்து வரியில் முடிந்துவிடும். இன்னொன்று: இணைப்பாக வரும் பிடிஎஃப்புக்குள் இருப்பது தேடலில் வராது, கோப்பின் பெயர் மட்டும்தான் வரும். மின்கட்டண ரசீது உள்ளே இருக்கும் எண்ணைத் தேடி, கிடைக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முக்கியமான பிடிஎஃப்களை உரையாக மாற்றித் தனியாக வையுங்கள். கேட்காமலே இவ்வளவு எழுதுகிறேன் என்று தோன்றலாம். ஆறு ஆண்டு உழைப்பு போனவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சூர்:

பெரம்பூர் சார், கிரெப் மீது எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். பிடிஎஃப் பற்றி நீங்கள் சொன்னதும் அதே விஷயம்தானே: கருவி எதைப் பார்க்கவில்லை என்பதைத் திரையில் எழுதிக் காட்டுவதில்லை. டம்ப் இன்றே ஓட்டிவிட்டேன், நன்றி.

வேளச்சேரி:

சார்பதிவாளர் அலுவலக வாசலில் நடந்தது. டோக்கன் 41, உள்ளே 38 போய்க்கொண்டிருக்கிறது. பத்திர எழுத்தர் அனுப்பிய வரைவு அஞ்சலில் சர்வே எண் இருக்கிறது, அதைச் சரிபார்க்க வேண்டும். மடிக்கணினியை முழங்காலில் வைத்து 'பத்திரம்' என்று தேடினேன். பூச்சியம். நம் மொழியில் யார் 'பத்திரம்' என்று வெறுமனே எழுதுகிறார்கள்? பத்திரத்தை, பத்திரத்தில், பத்திரத்துக்கு. நாட்மச் ஆங்கிலச் சொற்களின் விகுதியைத்தான் கழற்றிப் பார்க்கும், தமிழ் வேற்றுமை உருபைக் கழற்றாது.

சரி, கடைசியில் உடுக்குறி போட்டு 'பத்திர*' என்றேன். நூறுக்கு மேல் வந்து விழுந்தன, பாதிக்கு மேல் கல்யாணப் பத்திரிகை! 'ரி' என்பது கணினிக்கு ரகரமும் இகரக் குறியும்தான், ஆகவே பத்திரிகையும் அந்த வலையில் சிக்குகிறது. டோக்கன் 40 கூப்பிட்டார்கள். 'பத்திரத்*' என்று தகர மெய்யையும் சேர்த்ததும் நான்கே அஞ்சல்கள், இரண்டாவது நான் தேடியது. அதிலிருந்து நான் அடிச்சொல்லோடு நிறுத்துவதில்லை. 'வீடு' வேண்டுமென்றால் 'வீட*' போடுங்கள். வீடு, வீட்டில், வீட்டுக்கு மூன்றும் வரும். உடுக்குறியை மேற்கோள் குறிக்குள் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நாம் தட்டும் கட்டளையை முதலில் படிக்கும் ஷெல் அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

மயிலாப்பூர் நண்பருக்கு: அந்தப் பன்னிரண்டும் அரசு அலுவலகம் எதிலிருந்தாவது வந்தவையா? 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாப், டாம் என்ற இரண்டு குறியாக்கங்களை ஏற்றது. அவை ஐகான்வுக்குத் தெரியாது. பைதானில் ஓப்பன்-தமிழ் நூலகத்தை நிறுவிப் பாருங்கள், இரண்டையும் யூனிகோடாக மாற்றும் பகுதி அதில் இருக்கிறது.

திருவல்லிக்கேணி:

என்னுடையது ஒரே வரித் தேடல். நண்பன் இறந்த செய்தி வந்த அன்று, அவன் தம்பியின் தொலைபேசி எண்ணுக்காக அவன் முகவரியைக் கொடுத்துத் தேடினேன். பட்டியலில் ஒன்றன் ஓரத்தில் 'அன்ரெட்', அதாவது படிக்காதது, என்ற குறிச்சொல். இரண்டு ஆண்டுக்கு முந்தைய அஞ்சல். அச்சுக்கூடத்தை மூடப்போகிறேன், பழைய ஈய எழுத்துப் பெட்டி ஒன்று இருக்கிறது, எடைக்குப் போட மனம் வரவில்லை, நீ வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தான். விளம்பர அஞ்சல்களின் நடுவே கிடந்திருக்கிறது. இப்போது தினமும் காலையில், தெரிந்தவர்கள் முகவரிகளையும் அந்தக் குறிச்சொல்லையும் சேர்த்து ஒரு தேடலை ஓடவிடுகிறேன்.

மயிலாப்பூர்:

வேளச்சேரி நண்பருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டாப்தான். பதினொன்று மாறிவிட்டன, ஒன்று பாதியில் உடைந்த கோப்பு. எல்லாம் அப்பாவின் அரசு அலுவலக நண்பர் ஒருவர் எழுதியவை. 2001 ஜூன் அஞ்சலில், "உன் பையனைப் பற்றிக் கணினி வகுப்பில் பேசிவிட்டேன், பணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம், நீ கேட்டுக்கொண்டபடி அவனிடம் சொல்லவில்லை" என்று இருக்கிறது. அந்த வகுப்பில் நானே போய்ச் சேர்ந்ததாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.