ரன்பிளாட் ரயருக்கு ஒட்டுப் போடலாமா?

மட்டுவில் மகன்

சென்ற சனிக்கிழமை இரவு வவுனியாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பரந்தன் சந்தியைத் தாண்டிச் சற்று நேரத்தில் ரயர் அமுக்க எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கார் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, சத்தமும் இல்லை. ஆனையிறவில் நிறுத்திக் கைவிளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தேன். நான்கு ரயர்களும் ஒரே மாதிரி நிமிர்ந்து நின்றன. விளக்கில்தான் பழுது என்று நினைத்து 60 வேகத்தில் ஓட்டிவந்து, சாவகச்சேரியில் அமுக்கம் பார்த்தேன். பின் இடது ரயரில் 6 பி.எஸ்.ஐ. மட்டுமே இருந்தது. இருக்கவேண்டியது 33.

மறுநாள் காலை ஒரு கடையில் காட்டினேன். தரையில் படும் பகுதியின் நடுவில் ஓர் ஆணி. அதைக் குறட்டால் பிடுங்கி, பசை தடவிய கயிற்றை ஊசியால் உள்ளே தள்ளி, மிச்சத்தை வெட்டிவிட்டுக் காற்றடித்துத் தந்தார்கள். ரயரைக் கழற்றவே இல்லை. பத்து நிமிட வேலை. மூன்று நாளாகக் காற்று இறங்கவில்லை.

கார் ஜேர்மன் தயாரிப்பு, இன்னொருவர் ஓட்டிய பின் வாங்கியது. நான்கும் ரன்பிளாட் ரயர்கள், அதாவது காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடியவை. ஸ்பெயர் வீல் இல்லை. புதிய ரயர் ஒன்றின் விலை என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் சிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டிச்செல்லவேண்டும். இந்த ஒட்டை நம்பிப் போகலாமா?

வடமராட்சிப் பொறியியலாளர்

போகவேண்டாம். அந்த ரயரை மாற்றிவிடுங்கள்.

சாதாரண ரயரில் வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரன்பிளாட் ரயரில் காற்றுப் போனதும் அந்தப் பாரம் முழுவதும் தடித்த பக்கச்சுவரின் தலையில் இறங்குகிறது. அதற்காகவே அங்கே கூடுதல் இறப்பர் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ரயர் நிமிர்ந்து தெரிந்ததும் அதனால்தான். ஆனால் அது தாங்குகிறது என்பதற்காகத் தேயாமல் தாங்குகிறது என்று எண்ணக்கூடாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் காரின் ரயர் ஒருமுறை உருண்டால் ஏறத்தாழ 2 மீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு 500 சுற்று. பரந்தனிலிருந்து சாவகச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அதாவது அந்தச் சுவரின் ஒவ்வோர் இடமும் 20,000 தடவை மடங்கி நிமிர்ந்திருக்கிறது. மடங்கும்போதெல்லாம் சூடு பிறக்கிறது. இறப்பர் சூட்டை எளிதில் வெளியே விடாது; உள்ளேயே தேங்கும். அந்தச் சூட்டில் சுவருக்குள் பதித்த இழைக்கும் இறப்பருக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது.

ஆணி போட்ட துளையைத்தான் கடைக்காரர் அடைத்தார். உங்கள் ஆபத்து துளையில் இல்லை; அது பக்கச்சுவரில் இருக்கிறது. அதற்கு ஒட்டே கிடையாது.

கொக்குவில் ரயர்க்கடை

32 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கயிற்றை வெளியிலிருந்து தள்ளி அனுப்பியது தவறு. அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. கழற்றாமல் ஒட்டிய ரயர், ரன்பிளாட் ஆனாலும் சாதாரணமானது ஆனாலும், வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும்தான்.

ஆனால் ஐயா எழுதியதைப் படிப்பவர்கள் ரன்பிளாட்டில் ஆணி ஏறினாலே எறிந்துவிடவேண்டும் என்று நினைத்துவிடுவார்கள். அது சரியல்ல. ஆணி ஏறுவது ஒன்று, காற்றில்லாமல் ஓடுவது வேறு. பல தடவை ஆணி தானே துளையை அடைத்துக்கொண்டு இருக்கும். 33 இருந்தது ஏறத்தாழ 26க்கு வரும்போதே விளக்கு எரிந்துவிடும். அங்கேயே கவனித்து நிறுத்தியவரின் ரயர் ஒரு கிலோமீற்றர்கூடக் காற்றில்லாமல் ஓடியிருக்காது. அதன் பக்கச்சுவர் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். அதை ஏன் எறியவேண்டும்?

நான் செய்வது இதுதான். ரயரை ரிம்மிலிருந்து முழுதாகக் கழற்றுவேன். உள்ளே விளக்கைப் பிடித்துச் சுற்றிவரக் கையால் தடவுவேன். விரலில் கறுப்புத் தூள் ஒட்டினால் அந்த ரயர் முடிந்தது. உள்சுவரில் சுருக்கம் இருந்தாலோ, ஒரு வளையம் நிறம் மாறியிருந்தாலோ, பெருவிரலால் அமுக்கும்போது ஓரிடம் மட்டும் தளர்வாக இருந்தாலோ அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். இவை ஒன்றும் இல்லாமல், துளை தரையில் படும் நடுப்பகுதியில் 6 மில்லிமீற்றருக்கு உட்பட்டதாக இருந்தால்தான் வேலையைத் தொடங்குவேன். துளையைத் துளைப்பானால் சுத்தம் செய்து, உட்பக்கத்தைச் சுரண்டி, பசை காயும்வரை காத்திருந்து, காளான் ஒட்டை உள்ளிருந்து வெளியே இழுப்பேன். அதன் தண்டு துளையை நிரப்பும்; குடை உள்ளே படிந்து காற்றை மறிக்கும். வெறும் கயிறு இந்த இரண்டாவது வேலையைச் செய்யாது. தண்டில்லாத வெறும் ஒட்டு துளைக்குள் தண்ணீர் இறங்குவதைத் தடுக்காது, ரயருக்குள் இருக்கும் உருக்குக் கம்பி துருப்பிடிக்கும்.

தம்பி, உங்கள் ரயரைக் கழற்றிப் பார்க்காமல் நான் நல்லது என்றும் சொல்லமாட்டேன், கெட்டது என்றும் சொல்லமாட்டேன்.

வடமராட்சிப் பொறியியலாளர்

உங்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன் அண்ணா. ஆனால் விளக்கும் விரலும் மேற்பரப்பைத்தான் காட்டும். இழை பிரிவது சுவரின் உள்ளே. தூள் உதிர்ந்தால் கெட்டது என்பது உண்மை. உதிரவில்லை, ஆகவே நல்லது என்று அதிலிருந்து எப்படி முடிவுகட்டுவீர்கள்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் என் அப்பா தமது மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். தேய்ந்த ரயருக்குள் இன்னொரு ரயரின் துண்டை வெட்டி வைத்து ஓட்டினார். அப்படி வாழ்ந்தோம். எதையும் எறியக்கூடாது, எதற்கும் ஓர் ஒட்டு இருக்கிறது என்ற பழக்கம் அங்கிருந்து நமக்கு வந்தது. அந்தக் கார் குண்டும் குழியுமான வீதியில் 25 வேகத்தில் ஊர்ந்தது. இன்றைய ஏ-9 வீதி வழவழப்பானது. அதில் நாங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விரைகிறோம். அன்றைய மனத்தை இன்றைய வேகத்துக்குக் கொண்டுவரக்கூடாது.

கொக்குவில் ரயர்க்கடை

இதைப் படித்து மனம் நொந்தேன் ஐயா. அந்தக் காலத்தில் தொழில் பழகியவன் நான். சைக்கிள் ரயரை ஊசி நூலால் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எதை ஒட்டக்கூடாது என்பதையும் அங்கேதான் படித்தேன். தைத்த ரயரோடு போனவர் மறுநாள் நடந்து வந்து என் முன்னால் நிற்பார். பிழையாக ஒட்டினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வறுமை எனக்குக் கண்டதையெல்லாம் ஒட்டப் பழக்கவில்லை. உற்றுப் பார்க்கப் பழக்கியது.

தயாரிப்பாளர்களே இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. சிலர் ஒட்டவே கூடாது என்கிறார்கள். சிலர் கழற்றிப் பரிசோதித்து, ஒரு தடவை மட்டும் ஒட்டலாம் என்கிறார்கள். எந்த ரயருக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துத்தான் நானும் கைவைக்கிறேன்.

ஏ-9 வான்

நான் கொழும்புக்கு வான் ஓட்டுபவன். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முறிகண்டிக்குத் தெற்கே, மத்தியான வெயில். எனக்கு முன்னால் போன காரின் பின்சக்கரத்திலிருந்து ஒரு கறுப்புப் பட்டி சுழன்று எழுந்து என் கண்ணாடியில் அடித்தது. அடுத்த கணம் கார் தெருவுக்குக் குறுக்கே திரும்பிப் பற்றைக்குள் இறங்கி நின்றது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரயரின் தரைப்பகுதி முழுதாக இருந்தது. பக்கச்சுவர் மட்டும் பனங்கிழங்குத் தோல் உரிந்த மாதிரி வளையமாக உரிந்து கிடந்தது. இரண்டு கிழமைக்கு முன் காற்றுப் போனதாகவும் ஒட்டி ஓட்டுவதாகவும் அந்த மனிதர் சொன்னார். ஒட்டிய இடத்துக்கு ஒன்றும் நேரவில்லை. ஒட்டு அப்படியே இருந்தது.

நல்லூர் வாசகி

எனக்கு நடந்தது வேறு விதம். மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குப் போகும் வழியில் விளக்கு எரிந்தது. என் காரில் ஒவ்வொரு சக்கரத்தின் அமுக்கமும் திரையில் எண்ணாகத் தெரியும். 27 காட்டியது. அந்த இடத்திலேயே நிறுத்தி, காற்றடித்து, நேராக நல்ல கடைக்குப் போனேன். கழற்றிப் பார்த்து உள்ளிருந்து காளான் ஒட்டுப் போட்டார்கள். இன்றுவரை ஓடுகிறது. அதை எறிந்திருந்தால் வீண் செலவு.

எல்லாக் கார்களிலும் எண் தெரிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சில கார்களில் சக்கரத்துக்குள் வால்வோடு சேர்ந்து உணரி இருக்கும். அது உண்மையான அமுக்கத்தைச் சொல்லும். வேறு சிலவற்றில் சக்கரம் சுழலும் வேகத்தின் வித்தியாசத்தை வைத்துக் கணினி ஊகிக்கிறது. வெறும் விளக்குத்தான் எரியும். 27ஆ 7ஆ என்று அது சொல்லாது. மட்டுவில் தம்பியின் கார் இரண்டாவது வகை போலத் தெரிகிறது. என் பெட்டியில் விரல் நீளத்தில் ஓர் அமுக்கமானி எப்போதும் கிடக்கும். ஆனையிறவில் அது ஒன்று கையில் இருந்திருந்தால் அங்கேயே உண்மை தெரிந்திருக்கும்.

ரயரின் வயதையும் பாருங்கள் தம்பி. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள்: முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணாவின் கார் இங்கே கொட்டிலில் நின்றே கிழண்டது. தரைப்பகுதி புதிது போலவே இருந்தது. பக்கச்சுவரில் மட்டும் மயிரிழை வெடிப்புகள்.

வடமராட்சிப் பொறியியலாளர்

அக்கா சொன்னது நியாயம். 27இல் நிறுத்தியவர் அவர்; அவருக்குத் தம் ரயரின் கதை முழுதும் தெரியும். அப்படிப்பட்ட ரயரைக் கழற்றிப் பார்த்து ஒட்டுவதை நான் இனி எதிர்க்கவில்லை.

ஆனால் மட்டுவில் தம்பிக்குத் தெரிந்தது தொடக்கமும் முடிவும் மட்டுமே. பரந்தனில் விளக்கு, சாவகச்சேரியில் 6. இடையில் எத்தனை கிலோமீற்றர் எந்த அமுக்கத்தில் ஓடியது என்று யாராலும் சொல்லமுடியாது. பெட்டி நிறையச் சாமானும் இருந்திருக்கும். காற்றில்லாமல் 80 கிலோமீற்றர், அதுவும் 80 வேகத்துக்கு மேற்படாமல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதுகாப்பாக ஒதுங்குவதற்கான எல்லை. அதற்குள் ஓடினால் ரயர் பழுதாகாது என்று அதற்குப் பொருள் இல்லை. பலர் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கொக்குவில் ரயர்க்கடை

இதில் ஐயாவோடு முழுதும் ஒத்துப்போகிறேன். தம்பி, வெள்ளிக்கு முன் கழற்றிப் பாருங்கள். ஒரு விடயம்: ரன்பிளாட்டின் சுவர் விறைப்பானது. கழற்றும் இயந்திரத்தில் ரயரை அமுக்கிப் பிடிக்கும் உதவிக் கை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். லீவரால் நெம்பினால் ரயரின் விளிம்பு கிழியும். உணரி இருந்தால் அதுவும் உடையும். அந்த இயந்திரம் இல்லாத கடையில், எனக்குத் தெரிந்தவர் கடையாக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

மட்டுவில் மகன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாண நகரில் உதவிக் கை இயந்திரம் உள்ள கடையில் கழற்றினேன்.

விளிம்பு ரிம்மை விட்டு விலகியதும் கடைக்காரப் பையன் ரயரைச் சரித்தான். உள்ளேயிருந்து கோப்பித்தூள் மாதிரி கறுப்பாக ஒரு கைப்பிடி கொட்டியது. உட்சுவரில் இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிற வளையம். அதன்மேல் விரலை ஓட்டினால் வயதானவர்களின் புறங்கை போலச் சுருக்கம். ஞாயிற்றுக்கிழமை திணித்த கயிறு உள்ளே வால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. துளை நன்றாகத்தான் அடைபட்டிருந்தது.

கடைக்காரர் விளக்கை அணைத்து வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பின் இருக்கையில் யார் யார் உறங்கினார்கள் என்பதுதான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

அம்மாவுக்கு ரயிலில் இடம் பதிந்துவிட்டேன். புதிய ரயர் அடுத்த மாதம். அதுவரை கார் நிற்கும்.

கொக்குவில் ரயர்க்கடை

கழற்றிய ரயரை அங்கேயே விட்டு வந்தீர்களா? வெளியிலிருந்து பார்த்தால் அது நல்ல ரயர். தூளைத் தட்டிவிட்டு, துடைத்து, கறுப்புப் பூசினால் பழைய ரயர் தேடி வருபவர் வாங்கிப் போய்விடுவார். பக்கச்சுவரை வெட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும்.

மட்டுவில் மகன்

இதைப் படித்ததும் திரும்பிப் போனேன். வெளியே அடுக்கில் மேலாக இருந்தது. கத்தி இறங்கவில்லை, கிரைண்டரால் வெட்டினார்கள். சுவர் என் பெருவிரல் தடிப்பு இருந்தது. வெட்டிய இடத்தை விரித்துப் பார்த்தேன். இழைகள் இறப்பரில் ஒட்டாமல், காய்ந்த தும்பு போலத் தனியாக வெளியே வந்தன.