சித்தப்பாவின் ரோலெக்ஸ் 5513: டயல் அடியில் 'ஸ்விஸ்' மட்டும்தான் இருக்கிறது, இது அசல் டயலா?

தோணித்துறை:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. என் சித்தப்பா வணிகக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். 70களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு ரோலெக்ஸ் சப்மரீனர் (கடலடியில் மூழ்குபவர்களுக்கான வாட்ச்) வாங்கியிருக்கிறார். அவர் போன பிறகு அது சித்தியின் பீரோவிலேயே இருந்தது, இப்போது "நீயே வைத்துக்கொள், ஆனால் என்ன ஏதென்று விசாரித்துச் சொல்" என்று என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

விசாரித்ததில்தான் குழப்பம். கடை வைத்திருக்கும் ஒருவர் பார்த்த உடனே "டயல் டூப்ளிகேட், டி எழுத்தே இல்லை" என்று சொல்லி அடிமாட்டு விலை கேட்டார். வாட்ஸப் குழுவில் இன்னொருவர் "வெறும் ஸ்விஸ் என்றால் அது ரேடியம் டயல், அபூர்வம், யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்" என்கிறார். யாரை நம்புவது?

கண்ணில் பட்டதை எழுதுகிறேன். செயினைக் கழற்றிப் பார்த்தால், செயின் மாட்டும் மேல் பக்கக் காதுகளுக்கு நடுவே 5513, கீழ்ப்பக்கம் 22 என்று தொடங்கும் ஏழு இலக்க எண். டயல் கறுப்பு, பளபளப்பே இல்லை. எழுத்தெல்லாம் வெள்ளை. சப்மரீனர் என்ற பெயருக்குக் கீழே 660 அடி = 200 மீட்டர் என்று, அடி முதலில் வருகிறது. மணிப்புள்ளிகளைச் சுற்றி உலோக வளையம் கிடையாது. 6 மணிக்குக் கீழே ஓரத்தில் ஸ்விஸ், அவ்வளவுதான். விளக்கை அணைத்தால் புள்ளியும் முள்ளும் பச்சையாக நன்றாக ஒளிர்கின்றன, நடு இரவில் எழுந்து மணி பார்க்கும் அளவுக்கு. தேதி இல்லாத மாடல். கண்ணாடி பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கிறது, மேலே மெல்லிய கீறல்கள்.

---

பழையமுள்:

தோணித்துறை, இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் கொடுத்த விவரத்திலேயே முக்கால்வாசி பதில் இருக்கிறது.

5513 என்பது 1962இல் வந்து 80களின் கடைசி வரை ஓடிய மாடல். கூடு பெரிதாக மாறவே இல்லை, ஆனால் டயல் மாறிக்கொண்டே போனது, அதனால்தான் சேகரிப்பவர்கள் டயலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். ஆரம்பத்தில் பளபளப்பான கறுப்பு டயல். அதில் எழுத்துகள் தங்க நிறமாகத் தெரியும், காரணம் அது மேலே அடித்த மை இல்லை, கறுப்புப் பூச்சில் விட்ட இடைவெளி வழியாக அடியில் உள்ள பித்தளைத் தகடே தெரிகிறது. இது சுமார் 1966-67 வரை. அதற்குப் பிறகு வெள்ளை மையில் அச்சடித்த, பளபளப்பில்லாத மேட் டயல். மேட் டயலின் தொடக்கத்தில் ஆழ வரி 200 மீட்டர் = 660 அடி என்று மீட்டரில் தொடங்கும். 1969-70 வாக்கில் அது திரும்பி அடி முன்னால் வந்துவிட்டது. அடி முன்னால் உள்ளவற்றிலும் எழுத்து நுனியில் சின்னக் கால் வைத்தவை, கால் இல்லாதவை என்று இரண்டு வகை உண்டு. 1977க்கு மேல் மணிப்புள்ளிகள் பெரிதாகி நிமிடக் கோடுகளை முட்டப் போவதுபோல் இருக்கும், அதை மேக்ஸி டயல் என்பார்கள். 1984 வாக்கில் மறுபடி பளபளப்பு, புள்ளியைச் சுற்றி வெள்ளைத் தங்க வளையம். இந்த வருடங்களெல்லாம் தோராயம்தான், ஒரு வகை ஒரே நாளில் நின்று அடுத்த வகை தொடங்கவில்லை, கொஞ்ச காலம் இரண்டும் கலந்தே வந்தன.

இப்போது உங்கள் வாட்சுக்கு வருவோம். 22 லட்சத்தில் தொடங்கும் எண் என்றால் 60களின் கடைசி. அந்தக் கூட்டுக்கு நான் எதிர்பார்ப்பது மீட்டர் முன்னால் உள்ள மேட் டயல், அடியில் ஸ்விஸ் – டி<25. டி என்றால் ட்ரிடியம், ரேடியத்துக்குப் பிறகு புள்ளியும் முள்ளும் இருட்டில் ஒளிரப் பூசிய கதிரியக்கப் பொருள். 25 என்பது அதன் கதிரியக்கம் 25 மில்லிகியூரிக்குக் குறைவு என்பதைக் குறிக்கிறது. உங்களுடையதில் அடி முன்னால் இருக்கிறது, டி இல்லை. ஒளியும் வருகிறது. மூன்றும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

இந்த ஒளிதான் முக்கியம். ட்ரிடியத்தின் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம். 1969இல் பூசிய ட்ரிடியம் இன்று நடு இரவில் மணி காட்டாது. புற ஊதா டார்ச் அடித்தால் மினுக்கும், டார்ச்சை எடுத்ததும் அணைந்துவிடும். ரேடியத்தின் கதை வேறு, அதன் அரை ஆயுள் 1600 வருடம், கதிர்வீச்சு அப்படியே இருக்கும். ஆனால் அதோடு கலந்த, ஒளியைத் தருகிற துத்தநாக சல்ஃபைடு அந்தக் கதிரிலேயே அடிபட்டு எப்போதோ செத்துப்போயிருக்கும். ஆக இரவில் பச்சையாக ஒளிர்கிற டயல் ரேடியமும் இல்லை, பழைய ட்ரிடியமும் இல்லை. அது லூமினோவா, 1993இல் ஜப்பானில் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்த, கதிர்வீச்சு இல்லாத பூச்சு. ரோலெக்ஸ் 90களின் கடைசியில் அதற்கு மாறியது. மாறியபோது ட்ரிடியம் இல்லாததால் டி எழுத்துக்கு வேலை இல்லை, அடியில் ஸ்விஸ் மட்டும் நின்றது.

வாட்ஸப் நண்பர் குழம்பியதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 60களின் முதல் இரண்டு மூன்று வருட ரேடியம் டயல்களிலும் அடியில் ஸ்விஸ் மட்டும்தான். ஆனால் அவை எல்லாமே தங்க எழுத்துள்ள பளபளப்பு டயல்கள். வெள்ளை மையும் மேட் கறுப்பும் வரும் முன்பே ரேடியத்தை விட்டாயிற்று. ஒரே ஒரு வார்த்தையை வைத்து டயலுக்கு வயது சொல்லக் கூடாது என்று நான் கத்திக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

என் கணிப்பு: உங்கள் சித்தப்பா 90களின் கடைசியிலோ அதற்குப் பிறகோ கம்பெனி சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார், அவர்கள் டயலையும் முட்களையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார்கள். அப்போது அதெல்லாம் சர்வ சாதாரணம், பழசைப் புதுசாக்கித் தருவதுதான் நல்ல சர்வீஸ் என்று எல்லோரும் நினைத்த காலம்.

---

கல்மண்டபம்:

பழையமுள் அண்ணா சொன்ன தர்க்கம் சரி, ஆனால் கடைசிப் படியில் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிட்டார். லூமினோவா டயல் என்பது வரை ஒத்துக்கொள்கிறேன். அது ரோலெக்ஸ் கொடுத்த சர்வீஸ் டயலா, வெளியில் யாரோ அச்சடித்த டயலா என்பது இன்னும் தெரியவில்லையே. 5513 மேட் டயலுக்குப் போலி செய்வது எளிது. வளையம் கிடையாது, ஒட்டும் வேலை கிடையாது, தட்டையான கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, வட்டமான சில புள்ளிகள். யார் வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம், செய்கிறார்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பெரிய செலவில்லை. கண்ணாடியின் ஓரம் வளைந்திருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் எழுத்து நீளும், நேர் மேலிருந்து பாருங்கள். எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டும், மை கசிந்து ரோமம் ரோமமாக நிற்கக் கூடாது. சப்மரீனரில் எம், என் எழுத்துகளின் உள்மூலைகளில் மை தேங்கி அடைத்திருக்கிறதா பாருங்கள், மட்டமான அச்சு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். அடுத்து மேலே உள்ள கிரீடம். ஐந்து கொம்பும் தனித்தனியாக, நுனியில் உருண்டையோடு நிற்க வேண்டும். போலியில் இது பெரும்பாலும் சரியாக வராது. புள்ளிகளும் வட்டம் பிசகாமல், எல்லாம் ஒரே உயரத்தில் மேடாக இருக்க வேண்டும்.

அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து டயலை எடுத்துப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அசலில் இரண்டு கால்கள் தகட்டோடு உறுதியாக நிற்கும். கால் உடைந்து பசை போட்டு ஒட்டியிருந்தாலோ பின்பக்கம் மணல்தாள் போட்ட மாதிரி இருந்தாலோ அது கைபட்ட டயல். அந்தக் கால மேட் டயல்கள் பலவற்றைச் செய்து கொடுத்தது ஸிங்கர் என்ற டயல் கம்பெனி, அவற்றின் பின்னால் அந்தப் பெயரைப் பார்க்கலாம். லூமினோவா டயலில் அதைத் தேட வேண்டாம்.

பின்மூடியைத் திறக்கும்போது அதன் உள்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். 70களின் முதல் பாதி வரை உள்ளே ரோமன் எண்ணில் காலாண்டும் பக்கத்தில் வருடமும் குத்தியிருப்பார்கள்.

---

பாலைக்காற்று:

நடுவில் ஒரு சந்தேகம், திரியைத் திசை திருப்புகிறேன் என்று திட்டாதீர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு 5513 எல்லாம் படத்தில் பார்க்கத்தான், நான் பார்த்துக்கொண்டிருப்பது ஸெய்கோ 6105-8110 டைவர் வாட்ச். அதிலும் டயல் வேறுபாடு இப்படித்தானா?

---

பழையமுள்:

பாலைக்காற்று, அதில் வேலை இன்னும் சுலபம். ஸெய்கோ தன் வாட்சுக்குப் பின்னாலேயே தேதி எழுதிக் கொடுத்துவிடுகிறது. பின்மூடி எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம், அக்டோபர் நவம்பர் டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி. 8110 வந்தது 1970 முதல் 1977 வரை என்பதால் எந்தப் பத்தாண்டு என்ற குழப்பமும் கிடையாது. தொடக்க கால டயலில் ஆழத்தோடு 'வாட்டர் ப்ரூஃப்' என்று இருக்கும், பிறகு 'வாட்டர் ரெசிஸ்ட்' ஆகிவிட்டது, பின்மூடியிலும் அதே மாற்றம். எண் 6இல் தொடங்கி, அதாவது 1976 என்று சொல்லி, டயலில் ப்ரூஃப் இருந்தால் யாரோ இரண்டு வாட்சைக் கலந்திருக்கிறார்கள். டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் டயல் குறியீடு இருக்கும், அதுவே இல்லாத டயலைத் தொடவே தொடாதீர்கள். ஸெய்கோ டைவருக்கு வெளி டயல்கள் கொட்டிக் கிடக்கின்றன, டயலும் முள்ளும் பளிச்சென்று புதுசாக, கூடு மட்டும் தேய்ந்து போய் இருந்தால் பெரும்பாலும் அதுதான் கதை.

---

தோணித்துறை:

எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் வாங்கிப் பார்த்தேன், பிறகு இங்கே பழைய வாட்ச் பார்க்கும் ஒரு பெரியவரிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து திறக்கச் சொன்னேன்.

பின்மூடி உள்ளே 4ஆம் காலாண்டு, 68 என்று குத்தியிருக்கிறது. டயலில் எழுத்து சுத்தம், கிரீடம் கல்மண்டபம் சொன்ன மாதிரி ஐந்தும் தனித்தனி. பின்பக்கம் பித்தளை, இரண்டு காலும் உறுதி, பசை எதுவும் இல்லை. பெரியவர் "இது கம்பெனி டயல்தான் தம்பி, கை வைக்காதே" என்றார். சித்தியிடம் மறுபடி கேட்டதில், ரிட்டயர் ஆன கையோடு சித்தப்பா வெளிநாட்டில் எங்கேயோ கொடுத்து வாங்கினார், "இருட்டில் மணி தெரியவில்லை என்று ஒரே புலம்பல், அதற்குத்தான் கொடுத்தார்" என்கிறார்கள். பழைய டயலைத் திருப்பிக் கொடுத்ததாக அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

இப்போது அடுத்த கேள்வி. மீட்டர் முன்னால் உள்ள ட்ரிடியம் டயல் ஒன்று தனியாக வாங்கிப் போட்டால் வாட்ச் முழுமையாகுமா? விற்கும் எண்ணம் இல்லை, ஆனால் பாதி பழசு பாதி புதுசாக இருப்பது மனதை உறுத்துகிறது.

---

கல்மண்டபம்:

நானாக இருந்தால் தேடுவேன். 68 பின்மூடி, அதற்கு ஏற்ற எண், கூடு எல்லாம் பொருந்தி இருக்கும்போது டயல் மட்டும் தனியாக நிற்கிறது. அவசரமில்லாமல், பழசின் நிறம் முட்களோடு ஒத்துப்போகிற டயல்-முள் ஜோடியாகக் கிடைத்தால் எடுக்கலாம். டயல் மட்டும் வாங்கிவிட்டு முள்ளுக்குத் தனியாக மஞ்சள் சாயம் பூசும் ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். டார்ச் அடித்தால் டயல் ஒரு மாதிரி, முள் ஒரு மாதிரி பதில் சொல்லும், பார்க்கவே அசிங்கம்.

---

பழையமுள்:

இதில் கல்மண்டபத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கூட்டோடு வரும் டயலைச் சோதிக்க எண், பின்மூடி, முள் என்று நாலு சாட்சி இருக்கிறது. தனியாக விற்கும் டயலுக்கு ஒரு சாட்சியும் கிடையாது. வாட்ச் உலகத்தில் பொய் அதிகம் புழங்கும் இடமே தனி டயல்தான், அதிலும் மீட்டர் முன்னால் உள்ளதற்கு விலை ஏறியிருப்பதால் ஏமாற்றுபவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். வேறொரு வாட்சிலிருந்து பிடுங்கியதாகவும் இருக்கலாம், அப்போது இதை முழுமையாக்க இன்னொன்று அரைகுறையாகிறது.

அதோடு, விற்கப் போவதில்லை என்கிறீர்கள். இருட்டில் மணி தெரிய வேண்டும் என்று சித்தப்பா காசு கொடுத்து மாற்றியது அது. சந்தைக்கு அது குறைதான், ட்ரிடியம் டயலோடு இருந்தால் கிடைக்கும் விலை இதற்குக் கிடைக்காது, அந்தக் கடைக்காரர் கேட்ட அடிமாட்டு விலையும் நியாயமில்லை. உங்களுக்கு அது எப்படிக் குறையாகும் என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் அந்த சர்வீஸ் ரசீதைத் தேடுங்கள், சித்தியின் பீரோவில் வாட்ச் இருந்த அதே தட்டில். கம்பெனி சர்வீஸ் ரசீதில் மாற்றிய பாகங்களை எழுதுவது வழக்கம். அது கிடைத்தால் டயலைப் பற்றி நாங்கள் யாரும் பேச வேண்டியதே இல்லை. கூட்டை மட்டும் யாரிடமும் பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். டயலை நாளைக்குக்கூட மாற்றலாம், தேய்ந்த காது திரும்ப வராது.

---

தோணித்துறை:

ரசீது தேடச் சொல்லியிருக்கிறேன். பாலிஷ் பற்றி நல்லவேளை சொன்னீர்கள், பெரியவர் "பளபளன்னு பண்ணித் தரவா" என்று கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். டயல் அப்படியே இருக்கட்டும். கூடு, பின்மூடி உள்பக்கம், டயல் மூன்றுக்கும் போட்டோ நாளைக்குப் போடுகிறேன், லென்ஸ் வழியாக போன் கேமராவில் எடுத்தது, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.