கரம்சந்த் கடித்தது எந்த ஊர் கேரட்?

கேத்தி பாலாடா:
நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1985-இல் தூர்தர்ஷனில் வந்த 'கரம்சந்த்' துப்பறியும் தொடரில் பங்கஜ் கபூர் கேரட் கடித்துக்கொண்டே வருவது "வெறும் கோமாளித்தனம், அமெரிக்கத் தொடரில் கோஜாக் லாலிபாப் சப்பியதைப் பார்த்து அடித்த காப்பி" என்கிறார். லாலிபாப்பும் கேரட்டும் ஒன்றா? லாலிபாப்பை வாயில் செருகிக்கொண்டு சும்மா நிற்கலாம். கேரட்டைக் கடிக்க வேண்டும், மெல்ல வேண்டும், மென்றுகொண்டே கொலைகாரனிடம் கேள்வி கேட்க வேண்டும். கண் இரண்டையும் கறுப்புக் கண்ணாடி மறைத்துவிட்டது, அந்த மனிதர் தாடையை வைத்தே நடித்தார். அதுவும் நறுக்கென்று முறியும் ஊட்டிக் கேரட். டில்லிச் சிவப்புக் கேரட்டில் அந்தச் சத்தம் வராது, அது அல்வாவுக்குத்தான் ஆகும். ஊட்டிப் பக்கம் முப்பது வருடமாகக் கேரட் போடுகிறவன் சொல்கிறேன்.

மன்னவனூரான்:
"ஒருவர்" என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும், எழுதியது நான்தான். கோஜாக் வந்தது 1973, கரம்சந்த் வந்தது 1985. எது முன்னால் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். துப்பறிகிறவன் வாயில் எதையாவது கொடுப்பது பழைய வித்தை. ஹோம்ஸுக்கு பைப், அமெரிக்கத் தொடரில் வரும் போலீஸ்காரர் கொலம்போவுக்குச் சுருட்டு, இவருக்குக் கேரட், அவ்வளவுதான். அது கிடக்கட்டும், அது ஊட்டிக் கேரட் என்று உங்களுக்கு யார் சொன்னது? எங்கள் கொடைக்கானல் மலையில் கேரட் விளைவதில்லையா?

கேத்தி பாலாடா:
விளையுமே. பூண்டு இன்னும் நன்றாக விளையும்.

எச்.பி.எஃப் காலனி:
இதில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கேரட் ஆரஞ்சு நிறம்தான், சிவப்பு இல்லை. என் கண்ணால் பார்த்தேன்.

மன்னவனூரான்:
ஐயா, உங்கள் வீட்டில் அப்போது என்ன டிவி?

எச்.பி.எஃப் காலனி:
சாலிடேர். கதவு போட்ட பெட்டி.

மன்னவனூரான்:
கலரா?

எச்.பி.எஃப் காலனி:
கறுப்பு வெள்ளை. சிரிக்க வேண்டாம். ஊட்டி எச்.பி.எஃப்-இல், அதாவது 'இந்து' என்ற பேரில் போட்டோ பிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவன் நான். எந்த நிறம் எந்தச் சாம்பலாக விழும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கேரட் இளஞ்சாம்பல். ஆகவே ஆரஞ்சு.

மன்னவனூரான்:
கறுப்பு வெள்ளைப் பெட்டியில் கேரட்டின் நிறம் பார்த்த ஒரே ஊர் உதகமண்டலமாகத்தான் இருக்கும். வாழ்க.

அருவங்காடு அக்கா:
நீங்கள் எல்லாரும் துப்பறியும் தொடரைப் பற்றித்தானே பேச வந்தீர்கள்? 1993-இல் பாசு சட்டர்ஜி இயக்கி 'பியோம்கேஷ் பக்ஷி' வந்தது, யாருக்காவது நினைவு இருக்கிறதா? ரஜித் கபூர் கேரட்டும் கடிக்கவில்லை, கறுப்புக் கண்ணாடியும் போடவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்து எதிராளி பேசுவதைக் கேட்பார், நமக்கு வியர்க்கும். துப்பறிவாளர் என்ற பேரே அவருக்குப் பிடிக்காது, 'சத்யான்வேஷி', உண்மையைத் தேடுகிறவன், என்றுதான் சொல்லிக்கொள்வார். கே.கே. ரைனா நடித்த நண்பர் அஜித்தும் கூடவே சுற்றும் ஜால்ரா இல்லை, படித்த எழுத்தாளர். கரம்சந்தில் பாவம் அவர் உதவியாளர் அந்தக் கிட்டி, வாயைத் திறந்தாலே "ஷட் அப் கிட்டி". எங்கள் குவார்ட்டர்ஸ் பையன்கள் வருடக்கணக்கில் தங்கச்சிகளை அப்படித்தான் அதட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

கேத்தி பாலாடா:
அக்கா, கிட்டி இல்லாமல் கரம்சந்த் இல்லை. சுஷ்மிதா முகர்ஜி தேசிய நாடகப் பள்ளியில் படித்து வந்தவர், அசடாக நடிக்க அசட்டுக்கு வராது. 2007-இல் மறுபடி எடுத்தபோது பங்கஜ் கபூர் இருந்தார், கிட்டியாக வந்தது சுசேதா கன்னா. பழைய ருசி இருந்ததா? அது போகட்டும், என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சத்தம். கேரட்டின் சத்தம். அதைப் பற்றி மன்னவனூர்க்காரர் ஏன் வாயே திறக்கவில்லை?

அருவங்காடு அக்கா:
நான் திட்டப்பட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் ருசி என்கிறீர்கள். கேரட்டும் கிட்டியும் உங்களுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

மன்னவனூரான்:
சத்தமாம் சத்தம். அந்தக் காலத்து டிவியில் வசனமே கொரகொரவென்று வரும், ஆன்டெனாவைத் திருப்பத் தம்பியைக் கூரையில் ஏற்றிவிட்டுக் கீழே இருந்து "இப்போ? இப்போ?" என்று கத்துவோம். எங்கள் மலையில் இலங்கை டிவி ரூபவாஹினியே எடுத்தது, தெரியுமா? இதில் இவருக்குக் கேரட் ரகம் கேட்டதாம்.

கேத்தி பாலாடா:
கேட்டது. இன்னொரு விஷயமும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள், நீங்கள் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதுகிறவர் என்பது போன மாதம் வர்க்கி விவாதத்திலேயே தெரிந்துவிட்டது. காப்பி அடிக்கிற நடிகரா அவர்? 'காந்தி' படத்தின் ஹிந்திப் பதிப்பில் பென் கிங்ஸ்லிக்குக் குரல் கொடுத்தது இதே பங்கஜ் கபூர். மூன்று வருடம் கழித்துக் கரம்சந்த். 1992-இல் 'ரோஜா', அதில் லியாகத். மகாத்மாவின் குரல், கேரட் கடிக்கும் துப்பறிவாளர், தீவிரவாதி, மூன்றும் ஒரே தாடை! அந்த ரோஜாவில் நீங்கள் காஷ்மீர் என்று பார்த்ததில் ஒரு பங்கு எங்கள் குன்னூரும் ஊட்டியும். அப்படிப்பட்ட மனிதர் வாயில் இருந்தது ஊட்டிக் கேரட் என்று சொன்னால் உங்களுக்கு எங்கே எரிகிறது?

மன்னவனூரான்:
அப்படியானால் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து அவருக்கு ஒரு மூட்டை அனுப்பியது உங்கள் மாமாவாகத்தான் இருக்கும்! ரோஜா 1992, கரம்சந்த் 1985. ஏழு வருடம் முன்னாலேயே கேரட் போய்ச் சேர்ந்துவிட்டதா?

எங்கே எரிகிறது என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். மன்னவனூரில் நாங்கள் போட்டு, களை எடுத்து, காட்டெருமைக்கு விழித்திருந்து காவல் காத்து, வத்தலக்குண்டு வழியாகக் கீழே இறக்கினால், சந்தையில் அதையும் "ஊட்டிக் கேரட், ஊட்டிக் கேரட்" என்றுதான் கூவி விற்கிறார்கள். மதுரையில் ஒரு கடையில் போன வாரம்கூடக் கேட்டேன். "இது கொடைக்கானல் கேரட்டப்பா" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றான். சந்தையில்தான் பேர் போச்சு, டிவி பெட்டிக்குள் இருந்த கேரட்டுக்குமா பட்டா போடுவீர்கள்?

அருவங்காடு அக்கா:
அப்போது கோஜாக் காப்பி என்று ஆரம்பித்தது?

மன்னவனூரான்:
அதுவும் காப்பிதான்.

எச்.பி.எஃப் காலனி:
இளஞ்சாம்பல் என்று நான் சொன்னதற்கு யாரும் மறுப்பு எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கேத்தி பாலாடா:
நல்ல சரக்குக்குத்தான் பேர் ஒட்டும் தம்பி, கூவுகிறவன் மேல் குற்றம் இல்லை. உங்கள் கேரட்டும் எங்கள் பேரில்தான் விலை போகிறது என்றால் எங்களுக்கு நீங்கள் நன்றிதான் சொல்ல வேண்டும். இன்று இதோடு நிறுத்துகிறேன், நடுராத்திரி கேரட் பிடுங்க ஆள் வருகிறார்கள், விடிவதற்குள் கழுவி லாரி ஏற்ற வேண்டும்.

மன்னவனூரான்:
நன்றியா? இருங்கள், விடியட்டும்.

அருவங்காடு அக்கா:
ரஜித் கபூரைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

கேத்தி பாலாடா:
காலை ஆறு மணி. லோடு ஏறிவிட்டது. கழுவிய குவியலில் ஒன்றை எடுத்து இப்போதுதான் கடித்துப் பார்த்தேன். அதே சத்தம்.

எச்.பி.எஃப் காலனி:
நிறம்?