புதுப்பிப்பு: நாணல் தவளையின் குரல் பதிவாகிவிட்டது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலோரச் சதுப்புகளில் பிக்கர்ஸ்கில் நாணல் தவளையை என் முதுகலை ஆய்வுக்காக எப்படிக் கணக்கெடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி வைக்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி. நன்றாகவே வேலை செய்கிறது!

ஆண் தவளையின் குரல் பூச்சிச் சத்தம் மாதிரி மெல்லியது. மற்ற தவளைகள் கத்தத் தொடங்கினால் நம் காதுக்கு எட்டாது. கணினியில் ஒலியைப் படமாக்கிப் பார்த்தால் தனியாகத் தெரிகிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணக் கரையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் இது. கரும்புத் தோட்டங்களும் கட்டடங்களும் அதன் சதுப்புகளை விழுங்கிவிட்டன. அதனால் பதிவாகும் ஒவ்வொரு குரலும் எனக்குப் பெரிது. ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சிசாலையில் வளர்த்த தவளைகளை 2018இல் டர்பனுக்கு அருகே மவுண்ட் மோர்லாண்டில் விட்டார்களே, அதுவும் பெரிய நம்பிக்கை.

உதவித்தொகை இன்னும் வரவில்லை, மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளிக்கிறேன். சரி, ஒலிக்கோப்புகளைக் கேட்டுப் பிரிக்க நேரமுள்ளவர்கள் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.